ஓய்வென்னும் மருந்தின் விலை

காய்ச்சல் தணிந்தால் நோய் தீர்ந்தது என்று கொள்வது நம் ஜனங்களுடைய நெடுநாளைய வழக்கம். உடம்புச் சூடு இறங்கிய அன்று ரஸம் சாதம், மறுநாள் வேலை. பெரும்பாலோருக்கு இதனால் கேடொன்றும் விளைவதில்லை. ஆயினும் சிலருடைய விஷயத்தில், தொண்டையிலோ குடலிலோ குடிபுகுந்த விஷக்கிருமி காய்ச்சலோடு கூடப் போய்விடாமல் இருதயத்தின் தசைக்குள் இறங்கிவிடுகிறது. காய்ச்சல் விட்டுப் பத்து நாள் கழித்து, சிலருக்கு மூன்று வாரங் கழித்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை, கால் வீங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. வீட்டார் "வாயு" என்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் "பலவீனம்" என்று டானிக் கொடுக்கிறார். இப்படி வீணாகும் பதினைந்து நாட்களைப் பற்றியும், கண்டுபிடித்த பின்னர் வேண்டியிருக்கும் மூன்று மாதங்களைப் பற்றியுமே இன்று எழுதப் புகுந்தோம்.

இந்நோய்க்கு இருதயத் தசை அழற்சி என்று பெயர் சொல்லலாம். மேனாட்டு வைத்தியர்கள் மயோகார்டைட்டிஸ் என்பார்கள். இதன் விளைவாகத் தோன்றும் நிலையை ஹார்ட் பெயிலியர் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். அதைத் தமிழில் இருதயச் செயலிழப்பு என்று மொழிபெயர்த்தும் வைத்திருக்கிறோம். அச்சீட்டைப் படித்த குடும்பத்தார் இருதயமே நின்றுவிட்டதாக எண்ணி அழுவதை நாம் அறிவோம். பொருள் அதுவன்று. இருதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ளும் வலிமை அதற்குக் குறைந்துவிட்டது. ஆகையால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது. இருதயச் சோர்வு என்று சொன்னால் உண்மைக்கும் பொருந்தும், கேட்பவர் உயிரும் போகாது. இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆளுவோம்.

இருதய நோய் என்றவுடன் நம் மனக்கண் முன் நிற்பவர் தொந்தி சரிந்த பட்டணத்துக் கனவான். கொழுப்பினால் ரத்தக் குழாய் அடைபட்டு வரும் மாரடைப்புக்கு அந்தச் சித்திரம் ஓரளவு பொருந்தலாம். நாம் சொல்ல வந்த நோய்க்கு ஆள் வித்தியாசமில்லை. அன்றியும், இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட, திடகாத்திரமான ஆண்பிள்ளைகளையே அது அதிகமாகத் தேடிப் பிடிக்கிறது. குழாயில் அடைப்பு இராது. சர்க்கரை இராது. கொதிப்பு இராது.

செங்கற்பட்டு ஜில்லாவில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், வங்கக் கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணல்மேட்டில் நெம்மேலி இருக்கிறது. பட்டணவாசிகள் அவ்வூரைக் கண்ணால் பாராதிருப்பினும் அவ்வூர்க் கடலைக் குடித்திருக்கிறார்கள். 2013-ம் வருஷத்தில் அங்கே திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் தரத்தக்கது. 2024-ல் அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு மற்றோர் ஆலையும் எழுந்தது. குப்பத்தில் கண்ணாடியிழைப் படகும் வலையும் உடைய மீனவர்கள். உள்ளே விவசாயக் கூலிகள், கொத்தனார்கள், சித்தாட்கள், கடற்கரைச் சாலை விடுதிகளில் ஊழியம் செய்வோர். இவர்களில் முப்பது வயதுள்ள ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் நாலு நாள் காய்ச்சல், ஊசி போட்டுக்கொண்டான், ஐந்தாம் நாள் படகைத் தள்ளப் போனான். நனைந்த வலையை இழுப்பதும், அலைக்கு எதிராகப் படகை உந்துவதும் எத்தகைய உழைப்பு என்பது கரையில் நின்று பார்த்தவர்களுக்கும் தெரியும். அவனுக்கு மூச்சு இரைத்தால் அதை நோய் என்று யார் எண்ணுவார்? படகு தள்ளினால் மூச்சு இரைக்கத்தானே செய்யும்!

உள்ளே நடப்பது என்ன? இத்தொல்லையைத் தரும் கிருமிகளில் மிகவும் ஆராயப்பட்டது காக்ஸாக்கி என்பது. இஃது ஒரு ஊர்ப்பெயர். அமெரிக்காவில் ஹட்ஸன் நதிக்கரையில் நெம்மேலியைப் போன்ற சிற்றூர் ஒன்று உண்டு. இளம்பிள்ளை வாதம் என்று ஐயுற்ற இரண்டு சிறுவர்களிடமிருந்து கில்பர்ட் டால்டார்ப், கிரேஸ் ஸிக்கிள்ஸ் என்னும் இருவர் 1948-ல் அங்கே புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஊரின் பெயரையே அதற்கு இட்டார்கள். அவ்வூரார் இதற்காகப் பெருமைப்பட்டார்களோ வழக்குத் தொடர எண்ணினார்களோ, அறியோம். இருதயத் தசையின் ஒவ்வொரு அணுவின்மீதும் கதவுபோன்ற ஒரு புரதம் உண்டு. இவ்வைரஸ் அக்கதவின் வழியாக நுழைகிறது. அடினோ என்னும் வேறொரு வைரஸ் இனமும் அதே கதவைத்தான் உபயோகிக்கிறது என்பது 1997-ல் தெரியவந்தது. உள்ளே புகுந்தபின் அது தன்னைப் பெருக்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. தசையணுவின் கட்டுக்கோப்பைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தைத் தன் கத்தரியால் வெட்டிவிடுகிறது. 1999-ல் வெளியான இவ்வாராய்ச்சி, சில கிருமிக் காய்ச்சல்களுக்குப் பின் இருதயம் ஏன் தொளதொளத்துப் பெருத்துப் போகிறது என்பதற்கு ஒரு நல்ல காரணத்தைக் காட்டிற்று. உத்தரத்தை அறுத்துவிட்டால் கூரை எப்படி நிற்கும்?

இது முதற் கட்டம். பின்பு உடம்பின் காவற்படை வருகிறது. கிருமியை அழிக்க வந்த வெள்ளணுக்கள், கிருமி குடியிருந்த தசையையும் சேர்த்தே அடிக்கின்றன. கலகக்காரனைப் பிடிக்கப் போன போலீஸார் தெருவையே கொளுத்திவிட்டுத் திரும்புவது போன்றது இது. சிலருக்குக் கிருமி போன பின்னரும் இக்காவற்படை கலையாமல் மாதக்கணக்கில் சண்டையிட்டுக்கொண்டே இருக்கும். தசையிருந்த இடத்தில் தழும்பு விழுகிறது. இருதயம் பலூன்போல் விரிந்து சுவர் மெலிந்துவிடுகிறது.

காக்ஸாக்கி ஒன்றே இதற்குக் காரணமன்று. சாதாரண இன்புளூயன்ஸா, 2006-ல் இந்தியாவின் பல பாகங்களை முடக்கிப்போட்ட சிக்குன்குனியா, மழைக்காலந்தோறும் நம் ஊர்களுக்கு வரும் டெங்கு, 2020-ல் உலகத்தையே வீட்டில் அடைத்த கொரோனா, எல்லாமே சிலருடைய இருதயத் தசையைத் தாக்க வல்லவை. பெர்லின் நகரத்து வைத்தியர்கள் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காரணந் தெரியாமல் இருதயம் தளர்ந்த 245 பேருடைய தசைத் துணுக்கைச் சோதித்ததில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் ஏதேனுமொரு வைரஸின் சுவடு காணப்பட்டது. சுவடு இருப்பதாலேயே குற்றவாளி அதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அவற்றுள் அதிகமாய்த் தென்பட்ட பார்வோ வைரஸ் ஆரோக்கியமான இருதயங்களிலும் இருப்பதுண்டு. சந்தர்ப்ப சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் வக்கீல்களைப்போலவே வைத்தியர்களும் சண்டையிடுகிறார்கள்.

நோய் கண்டவர்களுடைய கதி என்ன? ஐரோப்பிய இருதய வைத்திய சங்கத்தார் 2013-ல் கூறிய கணக்குப்படி, ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டு முதல் நாலு வாரங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். நாலில் ஒருவருக்கு இருதயத்தின் பலக்குறைவு நீடிக்கிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் இருபத்தைந்து பேர் வரை விரைவில் நலிந்து மாண்டுபோகிறார்கள், அல்லது மாற்று இருதயம் வேண்டும் நிலையை அடைகிறார்கள். இவை ஆஸ்பத்திரி வரையில் வந்து நோய் துலங்கியவர்களின் கணக்கு. இலேசாக வந்துபோனவர்களையும் சேர்த்தால் நிலைமை இன்னும் நம்பிக்கை தருவதே. தேறுகிற பாதியில் ஒருவன் சேருவானா, தேறாத பாதியில் விழுவானா என்பது ஓரளவு கிருமியையும் அவனுடைய தேக வாகையும் பொறுத்தது. அவை நம் கையில் இல்லை. மற்றோர் அளவு, அந்தச் சில வாரங்களில் அவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தது. அது நம் கையில் உண்டு. குறைந்தபட்சம், நம் சட்டசபையின் கையில் உண்டு.

முதலில் கண்டுபிடிக்கும் விஷயம். இதற்கு ஆகாயத்திலிருந்து கருவி வரவேண்டியதில்லை. ஈ.சி.ஜி. ஒன்று; தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்னும் பொருளுக்கு ஒரு சோதனை; இருதயம் சுருங்கி விரிவதைத் திரையிற் காட்டும் எக்கோ ஒன்று. இம்மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டியவனைச் சந்தேகப்படலாம். காந்தப் படமும், இருதயத்திலிருந்து துணுக்கெடுத்துப் பார்ப்பதும் பெரிய ஆஸ்பத்திரிகளின் காரியம். துணுக்கெடுப்பது எல்லோருக்கும் அவசியமுமன்று. மாரடைப்பைப் பற்றி நம் நாட்டில் விழிப்பு உண்டாகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. 2023-ல் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தினால், நெஞ்சுவலி என்று வந்தவனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. ஆனால் அந்த விழிப்பே வேறொரு மயக்கத்தையும் உண்டாக்கியிருக்கிறது. குழாயில் அடைப்பில்லை என்று தெரிந்தவுடன் நோயாளியும் உறவினரும் தெய்வத்துக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அடைப்பில்லாத இடத்தில்தான் அழற்சியைத் தேடவேண்டும் என்பது இன்னும் பொது அறிவாகவில்லை.

தேடாமல் விட்டதன் பலன் பல வருஷங்கள் கழித்துப் புள்ளிவிவரத்தில் வந்து நிற்கிறது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், நாடெங்குமுள்ள 53 ஆஸ்பத்திரிகளில் இருதயச் சோர்வுடன் சேர்ந்த 10,851 பேரைப் பற்றிய பதிவேடு ஒன்று தயாரிக்கப்பட்டு 2022-ல் வெளிவந்தது. அவர்களுடைய சராசரி வயது அறுபது. நூற்றுக்கு எழுபத்திரண்டு பேருக்குக் குழாய் அடைப்பினால் வந்த நோய்; அதற்கு அடுத்தபடியாக, நூற்றுக்குப் பதினேழு பேருக்கு இருதயம் விரிந்து தளர்ந்த நோய். எல்லோரையும் சேர்த்துத் தொண்ணூறு நாட்களுக்குள் மாண்டவர் நூற்றுக்குப் பதினாலு பேர். விரிந்து தளர்ந்தது என்பது உருவத்தை வர்ணிக்கும் பெயர். காரணத்தைச் சொல்லும் பெயரன்று. வீடு சாய்ந்தது என்று எழுதிவிட்டு, கரையானா வெள்ளமா என்று சொல்லாமல் விட்டது போலாகும். அப்பதினேழு பேரில், பல வருஷங்களுக்கு முன் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூச்சு வாங்கி "வாயு"வென்று கசாயம் குடித்தவர்களும் இருக்கவே வேண்டும்.

இனி மருந்து. கிருமியைக் கொல்லும் தனி மருந்து வழக்கத்துக்கு வரவில்லை. காவற்படையை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தால் என்ன என்று 111 நோயாளிகளை வைத்துச் செய்த அமெரிக்கப் பரீட்சையின் முடிவு 1995-ல் வெளிவந்தது. அம்மருந்தினால் பொதுவில் லாபமில்லை என்று ஏற்பட்டது. சில தனிவகை அழற்சிகளுக்கு மட்டுமே இன்று அவை கொடுக்கப்படுகின்றன. தளர்ந்த இருதயத்தின் பாரத்தைக் குறைக்கும் மாத்திரைகள் நல்ல பலன் தருகின்றன. அவற்றிற் பலவும் இந்தியாவிலேயே மலிவாக உற்பத்தியாகின்றன. ஜில்லா ஆஸ்பத்திரியிற் கிடைக்கின்றன. இருதயம் தேறியதுபோல் தோன்றினாலும் வைத்தியர் சொல்லாமல் அவற்றை நிறுத்தலாகாது. மதுபானம் கூடாது. காய்ச்சலுக்கும் மேல்வலிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் கடுமையான வலி மாத்திரைகளும் இந்நோய்க்கு ஆகாதவை.

எஞ்சிய மருந்து ஒன்று உண்டு. அது ஓய்வு. கை ஒடிந்தால் தூளியில் கட்டி வைக்கலாம். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லக்ஷம் முறை துடிக்கும் இருதயத்துக்குத் தூளி கட்ட முடியாது. அதன் சுமையைக் குறைக்கத்தான் முடியும். அழற்சி கொண்ட இருதயத்தின்மேல் கடும் உழைப்பை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1970-ல் டெட்ராயிட் நகரத்தில் ஒரு பரீட்சை நடந்தது. காக்ஸாக்கி வைரஸ் ஏற்றிய எலிகளை நீரில் விட்டு நீந்தச் செய்தார்கள். சும்மா இருந்த எலிகளைக் காட்டிலும் நீந்திய எலிகளின் இருதயத்தில் கிருமி பன்மடங்கு பெருகிற்று. அவை அதிகமாக மாண்டன. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேரும் என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் அழற்சியுள்ள இருதயம் கடும் உழைப்பின்போது தாளந் தவறித் திடீரென்று நின்றுவிடக் கூடும் என்பது மனிதரிடத்தே கண்ட உண்மை. ஆகையினாலேயே மூன்று முதல் ஆறு மாதம் வரையில் கடும் உழைப்பு கூடாது என்று இருதய நிபுணர்கள் நெடுங்காலம் விதித்து வந்தார்கள். சமீப காலத்தில், நோய் இலேசாக இருந்து மறுசோதனையும் திருப்தியாக இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை என்ற அபிப்பிராயம் வலுத்து வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்கும் ஒரு மாதமாவது ஓய்வு வேண்டும் என்பதில் யாருக்கும் ஆக்ஷேபமில்லை.

இங்கே ஒரு வதந்தியையும் தொட்டுச் செல்வது அவசியம். கொரோனாவுக்குப் பிறகு இளைஞர்கள் திடீர் திடீரென்று விழுந்து இறக்கிறார்கள், எல்லாம் அம்மைப்பால் குத்திக்கொண்டதன் விளைவு என்று பேசுவது சில இடங்களில் நாகரிகமாகிவிட்டது. எம்.ஆர்.என்.ஏ. என்ற புதுவகைத் தடுப்பூசிகள் சில இளம் ஆண்களுக்கு அபூர்வமாக இருதயத் தசை அழற்சியை உண்டாக்கியது மெய்; அது பெரும்பாலும் தானே தணிந்தது. நம் நாட்டில் ஜனங்களுக்குப் பெருவாரியாகப் போட்டவை அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் ஸ்தாபனத்தார் 47 ஆஸ்பத்திரிகளின் துணையுடன், பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயதுக்குள் காரணம் விளங்காமல் திடீரென இறந்த 729 பேரைப் பற்றி விசாரித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். தடுப்பூசி அம்மரணங்களை அதிகமாக்கவில்லை. இரண்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அபாயம் குறைந்தே இருந்தது. அபாயத்தை உயர்த்தியவை எவையென்றால், குடும்பத்தில் இத்தகைய மரணம் முன்பு நேர்ந்திருத்தல், கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியிற் கிடந்தது, மிதமிஞ்சிய குடி, இறப்பதற்கு முந்திய 48 மணி நேரத்துக்குள் செய்த கடும் தேக உழைப்பு. கடைசியாகச் சொன்னதை நேயர்கள் மறுமுறை படிக்க வேண்டுகிறோம்.

ஓய்வு வேண்டும் என்று கூறினால் நம்மவர்களில் ஒரு சாரார் உடனே சென்னையின் பழைய பெருமை ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். 1956-ல் சேத்துப்பட்டில் தோன்றிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தில், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கொடுத்து வைத்தார்கள். மற்றப் பாதியை அவர்களுடைய நெருக்கமான குடிசைகளிலேயே விட்டு மருந்து மட்டும் கொடுத்தார்கள். குடிசையில் இருந்தவர்கள் எளிய உணவுண்டு, உழைத்துக்கொண்டே இருந்தும், சானடோரியத்தாருக்குச் சமமாகவே குணமடைந்தார்கள். 1959-ல் வெளியான அம்முடிவு உலகத்தின் சானடோரியங்களை மூடச் செய்தது. ஏழைக்கு இதைவிட நல்ல செய்தி வைத்திய சாஸ்திரத்தில் வேறு வந்ததில்லை. ஆனால் அங்கே கிருமியைக் கொல்லும் மருந்து இருந்தது; அம்மருந்து இருந்ததனாலேயே ஓய்வு மிகையாயிற்று. இங்கே அத்தகைய மருந்து இல்லை. ஒரு நோய்க்குச் சொன்ன தீர்ப்பை மற்றொரு நோய்க்கு முன்மாதிரியாகக் காட்டுவது வாதத்துக்கு அழகன்று. செங்கற்பட்டு ஜில்லா ஜனங்கள் இவ்விஷயத்தில் அறிவுலகத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். பி.ஸி.ஜி. ஊசியின் பலனை அறிய 1968-ல் தொடங்கிய மாபெரும் பரீட்சை அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே நடந்தது; இரண்டரை லக்ஷத்துக்கு மேற்பட்டோர் தம் தோளை நீட்டினார்கள். அக்கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது? ம்யூனிக் நகரத்துப் பேயர்ன் கால்பந்துக் கழகத்தில் ஆடும் அல்போன்ஸோ டேவிஸ் என்ற இளைஞருக்கு 2022 ஜனவரியில், கொரோனாவுக்குப் பின் நடந்த சோதனையில், இருதயத் தசையில் இலேசான அழற்சி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அவர் பந்தைத் தொடவில்லை. ஏப்ரல் மாதத்தில் மறுபடியும் ஆட வந்தார். அதற்குள் அவர் பசியோடிருந்தார் என்று யாரும் கேள்விப்படவில்லை. அவருடைய இருதயத்துக்கும் நெம்மேலிப் படகுக்காரனுடைய இருதயத்துக்கும் தசையில் வித்தியாசமில்லை. சோதித்துப் பார்ப்பாரும், சம்பளம் கொடுப்பாரும் உண்டா இல்லையா என்பதிலேயே வித்தியாசம்.

மேனாட்டு விளையாட்டு வீரரை விடுவோம். அதே செங்கற்பட்டு ஜில்லாவில், மறைமலைநகர் தொழிற்சாலையில் இன்ஷூரன்ஸ் பிடித்தத்தோடு வேலை செய்யும் தொழிலாளி ஒருவனுக்கு இந்நோய் வருகிறது என்று கொள்வோம். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், இயற்றிய தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் வழியாக வந்த ஏற்பாட்டில், வருஷத்துக்கு 91 நாள் வரையில் கூலியில் நூற்றுக்கு எழுபது பங்கு அவனுக்குக் கிடைக்கும். நீடித்த நோய்கள் என்று 34 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு இரண்டு வருஷம் வரையில் நூற்றுக்கு எண்பது பங்கு தருவதும் உண்டு. இருதயச் சோர்வும் இருதயத் தசை நோயும் அப்பட்டியலில் இடம்பெற்றவை. ஆகவே, ஓய்வு ஒரு மருந்து என்பதையும், அதற்கு விலை உண்டு என்பதையும், அவ்விலையை நோயாளியே கொடுக்கச் சொல்வது நியாயமன்று என்பதையும் நம் நாட்டுச் சட்டம் எப்பொழுதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்ட நியாயம் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஸ்தாபனத்தின் வாசலோடு நின்றுவிட்டது. கடற்கரை வரையில் வந்து சேரவில்லை. படகுக்காரனுக்கு எஜமானன் இல்லை. கொத்தனாருக்கு நாளுக்கொரு எஜமானன்.

கடற்கரையில் சர்க்காருக்கு ஓய்வென்பதே தெரியாது என்றும் சொல்ல முடியாது. வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள், கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்று தடை இருக்கிறது. மீன்கள் முட்டையிட்டு இனம் பெருகவேண்டும் என்பதே காரணம். நல்ல காரணம், நாமும் அதை ஆதரிக்கிறோம். அத்தடைக்காலத்துக்காகத் தமிழ்நாடு சர்க்கார் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணமும் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆக்கப்பட்டது. மீனின் வயிற்றில் முட்டை முதிர்வதற்கு 61 நாள் ஓய்வு வேண்டும் என்று கணக்கிட்டுப் பணமும் ஒதுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, அம்மீனைப் பிடிப்பவனுடைய இருதயத் தசை ஆறுவதற்குத் தொண்ணூறு நாள் வேண்டும் என்பது விளங்காத விஷயமா?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். க்ஷயரோகிகளுக்கு ஆகாரத்துக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்கும் ஏற்பாட்டை இந்திய சர்க்கார் 2018-ல் தொடங்கி, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியிருக்கிறது. பணம் நேரே பாங்குக் கணக்குக்குப் போகிறது. வழி போட்டாயிற்று, அதன்மேல் இன்னொரு வண்டி செல்லத் தடையென்ன? போலி நோயாளிகள் புகுந்துவிடுவார்கள் என்பார்கள். எக்கோவில் தளர்ச்சி கண்டு, சர்க்கார் ஆஸ்பத்திரி வைத்தியர் கையெழுத்திட்டவனுக்கே கொடுக்கலாம்; மாதம் ஒருமுறை மறுசோதனைக்கு வந்தால்தான் அடுத்த மாதத்துப் பணம் என்று விதிக்கலாம். இருதயம் சுருங்கும் அளவைப் பொய்யாகக் காட்ட எந்தத் தரகனுக்கும் இன்னும் வழி தெரியவில்லை. இந்நோயால் மூன்று மாத ஓய்வு வேண்டியவர்கள் ஒரு தாலுகாவில் ஆயிரக்கணக்காக இருக்கப்போவதுமில்லை.

செலவைப் பற்றிப் பேசுவோருக்கு மற்றொரு கணக்கையும் காட்டுவோம். 2008 செப்டம்பரில், நெம்மேலியிலிருந்து அதிக தூரமில்லாத திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதிகள், விபத்தில் மூளை இறந்துபோன தம் பதினைந்து வயது மகனுடைய அவயவங்களைத் தானமாகக் கொடுத்தார்கள். அச்சிறுவன் பெயரைத் தமிழ்நாடு மறக்காது. தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிஷத்தில் அவன் இருதயம் கொண்டுபோகப்பட்டது. போலீஸார் வீதிகளை ஒழித்துக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே சர்க்காரின் அவயவ தானத் திட்டம் தொடங்கிற்று. இன்று சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கும் மாற்று இருதயம் பொருத்துகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அதற்கு லக்ஷக்கணக்கில் பணம் கொடுக்கிறது. இவையெல்லாம் நம் நாட்டுக்குக் கீர்த்தி தருவன. ஆனால், விரிந்து தளர்ந்த இருதயத்தை எடுத்துவிட்டு வேறு இருதயம் வைக்க லக்ஷக்கணக்கில் கொடுக்கும் பொக்கிஷம், அந்த இருதயம் தளராதிருக்கும் பொருட்டு மூன்று மாதத்து அரிசிக்குக் கொடுக்க மறுப்பது எந்தக் கணக்குப் புஸ்தகத்தின்படி சிக்கனம்?

ஆகையால் நாம் கேட்பது இது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலுள்ள குப்பங்களிலும், அவற்றுக்கு மேற்கேயுள்ள திருப்போரூர் வட்டத்துக் கிராமங்களிலும் இதைப் பரீட்சையாகத் தொடங்கட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் காய்ச்சலுக்குப் பின் மூச்சு வாங்குவதாகச் சொல்பவனுக்கு அன்றே ஈ.சி.ஜி.யும் டிரோபோனினும் பார்க்கட்டும்; சந்தேகமுள்ளவனை 108 வண்டியில் செங்கற்பட்டு வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும்; நோய் ஊர்ஜிதமானவனுக்கு வைத்தியர் விதித்த நாள் வரையில், தடைக்கால நிவாரணம் போகும் அதே கணக்கில், ஓய்வுக்கால நிவாரணம் சேரட்டும். இதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு தலைப்பைத் திறக்கும்படி அத்தொகுதிகளின் பிரதிநிதிகள் கேட்பார்களா என்று பார்ப்போம்.

அதுவரையில் கிராமங்களில் வேலை செய்யும் நம் தொண்டர்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வீடு வீடாகக் கொசுவைப் பற்றிப் பேசப் போகும்போது, சமீபத்திற் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களிடம் நாலு கேள்வி கேட்கட்டும்: முன்பு செய்த வேலைக்கு இப்பொழுது மூச்சு வாங்குகிறதா? இரவில் தலையணையை உயர்த்தி வைக்க வேண்டியிருக்கிறதா? காலை அமுக்கினால் குழி விழுகிறதா? மயக்கம் வந்ததா, நெஞ்சு வலித்ததா? ஒன்றுக்கேனும் ஆம் என்று பதில் வந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டும். காய்ச்சலுக்குச் சாப்பிட்ட மாத்திரைகளின் காகிதத்தையும் உடன் எடுத்துப் போகட்டும். வைத்தியரிடம் முதல் வாக்கியமாகவே, "இவருக்கு இத்தனை நாளைக்கு முன் காய்ச்சல் வந்தது" என்று சொல்லட்டும். நோயாளிகள் மறந்துவிடுவதும், அவசரத்தில் வைத்தியர்கள் கேளாமல் விடுவதும் அந்த ஒரு விஷயத்தைத்தான்.